வெவ்வேறு சமயத்தார் சேர்ந்து வீடற்றோருக்கு உதவுவதை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். ஒரே வட்டாரத்தில் உள்ள கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் தெருவோரம் தங்கியிருப்பவர்களுக்குத் தனித்தனியாக உணவு வழங்கி வருகின்றன. விழா நாள்களில் ஒருவருக்கே மூன்று பொட்டலங்கள் கிடைக்கின்றன. வார நடுவில் எவரும் வருவதில்லை. சேர்ந்து செயல்பட நிர்வாகிகளுக்கு விருப்பம் இருந்தாலும், யார் பெயரில், யார் பணத்தில் என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. மதமாற்றம் பற்றிய ஐயத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்றாலும், அது எல்லோர் மனத்திலும் இருக்கிறது. இத்தகைய பணியில் ஈடுபட்டவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

அந்த ஐயத்தைத்தான் முதலில் பேச வேண்டும். பேசாமல் விட்டால், பின்னர் ஒரு சிறு துண்டுப்பிரசுரம் போதும், எல்லாம் கலைந்துவிடும். 1994இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பல தொண்டு அமைப்புகளும் பேரிடர் நிவாரணத்துக்கென வகுத்த நடத்தை நெறிகள், தேவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு உதவ வேண்டும் என்றும், உதவியை அரசியல் அல்லது சமயக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்றும் கூறுகின்றன. அவற்றை வகுத்தவர்களில் காரித்தாஸ், உலகத் திருச்சபைகள் மன்றம் போன்ற சமய அமைப்புகளும் இருந்தன என்பதை உங்கள் நிர்வாகிகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இரண்டு விதிகளையும் ஒரு தாளில் எழுதி மூவரும் கையொப்பமிடட்டும். அதன் பிறகு, யார் எந்தக் கிழமை உணவு தருவது என்பதை ஒரே கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம்.

பதில் 2

உணவோடு நின்றுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1986இல் தொடங்கி, இன்று ‘ஃபேமிலி ப்ராமிஸ்’ என்று அறியப்படும் அமைப்பின் முறையைப் பாருங்கள். வீடிழந்த சில குடும்பங்களை ஒரு வழிபாட்டுத் தலம் ஒரு வாரம் தங்கவைக்கும், அடுத்த வாரம் வேறொரு தலம் ஏற்கும். வேலை தேடவும் வீடு தேடவும் துணைநிற்கும் பொது மையம் ஒன்று பகலில் இயங்கும். எந்தச் சபையும் தனியாகத் தாங்க முடியாத சுமையைப் பல சபைகள் முறைவைத்துச் சுமக்கின்றன. ஆனால் இடம் மாறிக்கொண்டே இருப்பது குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் களைப்பு தரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலர் ஒரே கூடத்தில் படுத்துறங்கும் ஏற்பாடு தொற்றுநோய்க்கு எவ்வளவு எளிதில் வழிவிடும் என்பதையும் 2020 காட்டியது. ஆகவே தங்குமிடத்தை இடைக்கால ஏற்பாடாக மட்டும் கருதி, நிலையான வீட்டை இலக்காக வையுங்கள். குடியை விட்டால்தான் வீடு, வேலைக்குப் போனால்தான் வீடு என்று நிபந்தனை விதிக்காமல், முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்ற உதவிகளை உடன் அளிக்கும் முறை 1992இல் நியூயார்க்கில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவியுள்ளது.

பதில் 3

பணத்தைப் பற்றி ஒன்று. எல்லா நிதியையும் ஒரே பெட்டியில் சேர்க்கும்படி வற்புறுத்த வேண்டாம். முஸ்லிம்களின் கட்டாயக் கொடையான ஜகாத்தைப் பெறத்தக்கவர்கள் யார் என்பதைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம், 60ஆம் வசனம் எட்டு வகையாக வரையறுக்கிறது. அதை முஸ்லிம்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது பல மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. விரும்பித் தரும் கொடையான ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. அவரவர் பணம் அவரவரிடமே இருக்கட்டும், செலவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மருந்துச் செலவையும், மற்றொருவர் அடையாள ஆவணங்கள் பெறும் செலவையும், இன்னொருவர் வாடகை முன்பணத்தையும் ஏற்றுக்கொண்டால் கணக்கும் தெளிவாக இருக்கும், பூசலும் எழாது.

கேட்டவர்

மிக்க நன்றி. கையொப்பத் தாளையும் செலவுப் பிரிப்பையும் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கிறேன். உதவி பெறுவோரையும் அக்கூட்டத்துக்கு அழைக்கலாமா?

பதில் 1

அவசியம் அழையுங்கள். ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் தயங்கிப் பேசாமலேயே இருந்துவிடக்கூடும். இருவர் மூவராக வரட்டும். எந்த நேரத்தில் உணவு வந்தால் வேலை தேடிச் செல்ல இடையூறாகாது, இரவில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லாத இடம் எது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கிழமைகளை முடிவு செய்வதற்கு முன்பே அவர்களைப் பேசவிடுங்கள்.