‘மேன்டில் புளூம்’: ஊற்றா, கொழுந்தா, பீலியா?

தருமபுரியிலிருந்து:
வணக்கம். முதலாண்டு நிலவியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மேன்டில் புளூம்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் பாக்கி. பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசத்திலிருந்து (மேன்டில்) தூண்போல் மேலெழும் சூடான பாறைதான் அது. நம் பக்கத்துக் குவாரிகளில் கறுப்பு கிரானைட் என்று அறுப்பது உண்மையில் டோலரைட். பசால்ட் குழம்பு வெடிப்புகளில் ஏறிச் சுவர்போல் உறைந்தது. தென்னிந்தியாவின் பழம்பாறைப் பகுதியான தார்வார் நிலத்தொகுதியில் இப்படிக் கிழக்கு மேற்காக ஓடும் சுவர்களின் பெருங்கூட்டத்துக்கு யுரேனியம்-ஈய முறையில் வயது சுமார் 237 கோடி ஆண்டு. அதற்குப் புளூமே காரணம் என்கிறார்கள் பலர். ‘கவச ஊற்று’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

ஓசூரிலிருந்து:
ஐயா, ஊற்று வேண்டாம். பிள்ளைகள் அடியிலிருந்தே திரவம் வருவதாக எண்ணிவிடுவார்கள். கவசம் திடப்பாறை. வருடத்துக்குச் சென்டிமீட்டர் கணக்கில் ஊர்ந்து ஏறும். மேலே அழுத்தம் குறைந்த பிறகுதான் உருகும், அதுவும் ஒரு பங்குதான். பாடத்தின் உயிரே அதில் இருக்கிறது. ‘கவசக் கொழுந்து’ என்று வையுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:
கொழு என்றால் ஏர்முனை. மண்ணைக் கிழித்துக் கீழே இறங்குவது! தகடூர்க்காரர்களுக்குப் ‘பீலி’, அதாவது மயிலிறகு, மறந்துவிட்டதா? அதியமானுக்காகத் தூதுபோன ஔவை, தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடியிருந்ததைத்தானே பாடினார்? அடி ஒல்லி, தலை விரிவு. புளூமின் வடிவமும் அதுதான். இலங்கை மலையகத்தில் தண்ணீர் கொட்டும் வாயையும் பீலி என்பார்கள்.

ஓசூரிலிருந்து:
அப்படியானால் மறுபடியும் தண்ணீர்தானே அம்மா? கொழுந்து, செழித்தல் பொருள் தரும் கொழுவிலிருந்து வருவது. தீக்கொழுந்து மேல்நோக்கித்தான் எழும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
பெயரை விடுங்கள், பொருளைப் பாருங்கள். இத்தகைய பழைய டோலரைட் பலவற்றில் நியோபியம் என்ற தனிமம் குறைவு. பூமியின் மேல்தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்துக் குழம்புக்கு உள்ள குணம் அது. ஏறும் வழியில் மேலோட்டைக் கரைத்துக்கொண்டாலும் அப்படி வரும். முன்பு எப்போதோ தட்டு அமிழ்ந்து மாறிப்போன கவசம் பின்னால் உருகினாலும் வரும். புளூம் என்று முடிந்த முடிவாக எழுதாதீர்கள். சொல்லையும் ‘புளூம்’ என்றே விடலாம். மேற்படிப்பில் அதைத்தான் தேடப்போகிறார்கள்.

தருமபுரியிலிருந்து:
சரி, நேரமில்லை. தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் கொழுந்து பக்கம். ‘கவசக் கொழுந்து’ என்று போட்டு, முதல் இடத்தில் ‘புளூம்’ என்பதையும் சேர்த்துவிடுகிறேன். நியோபியம் பற்றித் தனிப் பத்தி வரும். காரணம் ‘கருதப்படுகிறது’ என்றுதான் இருக்கும்.

பென்னாகரத்திலிருந்து:
அச்சுக்குப் போகட்டும். கொழுந்தை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன்பு பீலிக்கான சான்றுகளைத் தொகுத்து அனுப்புகிறேன்.