வெறுங்கையால் கத்தியைப் பிடுங்க 3 மாதம் போதுமா?

ராயபுரத்தான்:
நேற்று எங்கள் தெருவில் ஒரு தற்காப்பு வகுப்பின் நோட்டீஸ் கொடுத்தார்கள். "கத்தியோடு வருபவனை வெறுங்கையால் மடக்கலாம், 3 மாதப் பயிற்சி போதும்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. இதை நம்பி ஒரு பையன் நிஜமாகவே கையை நீட்டினால் யார் பொறுப்பு? முரண்டு பிடிக்காத ஆளோடு செய்வது பயிற்சியே இல்லை. சந்தேகம் இருந்தால் வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டாளி கையில் மூடி கழற்றிய சிவப்பு மார்க்கரைக் கொடுத்து, நிஜமாகக் குத்தச் சொல்லுங்கள். அப்புறம் பனியனைப் பாருங்கள்.

நெடுங்கம்பு:
மார்க்கரா? அதை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைவார்கள். நான் 22 வருடமாகச் சிலம்பம் ஆடுகிறேன். முதல் 6 மாதம் ஆசான் கம்பையே தொடவிடவில்லை, காலடி மட்டும்தான். அடிப்படை உடம்பில் ஊறிவிட்டால் கத்தி என்ன, அரிவாள் வந்தாலும் கை தானாகப் போகும்.

ராயபுரத்தான்:
கை தானாகப் போகும், சரி. எங்கே போகும்? கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கிய திமிரில் நானும் இப்படித்தான் பேசினேன். வகுப்பில் கூட்டாளி ஒரே ஒரு குத்து குத்துவான், கையை நீட்டியபடி சிலை மாதிரி நிற்பான். நான் மணிக்கட்டைப் பிடித்துத் திருகுவேன், எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு ஒரு குத்துச்சண்டைப் பையன் கையில் மார்க்கரைக் கொடுத்தேன். அவன் கையை நீட்டி நிறுத்தவே இல்லை. தையல் மெஷின் ஊசி மாதிரி உள்ளே வெளியே, உள்ளே வெளியே. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பனியனிலும் உடம்பிலுமாக 11 கோடு. அக்குளுக்குக் கீழே 4, மணிக்கட்டின் உள்பக்கம் 2, காதிலிருந்து தாடை வரை நீளமாக ஒன்று. மையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது கை நடுங்கியது.

டோஜோ_தம்பி:
அண்ணா, உங்களுக்குப் பயிற்சி பத்தவில்லை என்பதற்கு மார்க்கர் என்ன செய்யும்? மார்க்கருக்குக் கனமே இல்லை. பிடித்திருப்பவனுக்கும் பயமில்லை, அதனால் கண்டபடி குத்துகிறான்.

ராயபுரத்தான்:
கத்தியை உருவிவிட்டவன் மட்டும் யோசித்து, வரிசைப்படி குத்துவானா தம்பி? அவனும் கண்டபடிதான் குத்துவான்.

பெரம்பூர்_வாசகி:
முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள். நீங்கள் பேசுவது விளையாட்டா, உடற்பயிற்சியா, தற்காப்பா? மூன்றுக்கும் பயிற்சி வேறு. நான் தினமும் 29சி பஸ்ஸில் பெசன்ட் நகர் போகிறவள். எனக்கு உதவுவது முழங்கையும், சத்தமாகக் கத்தத் தெரிந்த தொண்டையும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடும் புத்தியும்தான். சட்டத்தையும் யாராவது சொல்லித்தர வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தேவைக்கு மேல் அடித்தால் அந்த உரிமை நிற்காது.

நெடுங்கம்பு:
மேடம், சட்டம் இருக்கட்டும். இங்கே பேச்சு மார்க்கரைப் பற்றி. 2024 ஜனவரியில் சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி நடந்தபோது சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். மார்க்கரையா சேர்த்தார்கள்? சீனாக்காரனுக்கே சண்டை சொல்லிக்கொடுத்தவர் காஞ்சிபுரத்துப் போதிதர்மர். நமக்குப் பாடம் எடுக்க மார்க்கர் வந்துவிட்டது.

டோஜோ_தம்பி:
போதிதர்மரை விடுங்கள் சார். அவர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் சண்டை கற்றுத்தந்தார் என்பதற்குக் காட்டுகிற யிஜின் ஜிங் என்ற சீன உடற்பயிற்சி நூலே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது.

நெடுங்கம்பு:
வந்துவிட்டார் பேராசிரியர். சொந்த ஊர்க்காரன் பெருமையைக் குறைப்பதில் உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்? ஜப்பான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் பேசத் தோன்றும்.

டோஜோ_தம்பி:
பெல்ட்டை எதற்கு இழுக்கிறீர்கள்? போன வருடமும் கட்டா, அதாவது கராத்தேயில் தனியாகச் செய்கிற அசைவு வரிசை பற்றிப் பேசியபோது இதையேதான் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

ராயபுரத்தான்:
இரண்டு பேரும் பெல்ட்டை விடுங்கள். ஜப்பானிலேயே ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது என்ன செய்தார்? எலும்பை உடைக்கிற ஆபத்தான பிடிகளை ஒத்திகைக்கு ஒதுக்கினார். முழு பலத்தோடு செய்தாலும் ஆள் சாகாத பிடிகளை, முரண்டு பிடிக்கிற ஆளோடு தினமும் பழகவைத்தார். அதற்கு ரண்டோரி என்று பெயர். நெடுங்கம்பு ஐயா, உங்கள் சிலம்பத்திலும் இது உண்டே! கம்பு நுனியில் ஒட்டுகிற பொடியைத் தோய்த்து ஆடி, உடம்பில் விழுந்த தடத்தை எண்ணுகிற போட்டி முறை இருக்கிறதா இல்லையா? அந்தப் பொடிதான் என் மார்க்கர். அலங்காரச் சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு பொடியை மறந்தது யார்?

நெடுங்கம்பு:
பொடி வேறு, மார்க்கர் வேறு. பொடி மரபு.

ராயபுரத்தான்:
இரண்டும் தடம்தானே காட்டுகிறது! இன்னொன்று, நீங்கள் மெரினா மணலில் வெறுங்காலோடு ஆடுகிறீர்கள். சண்டை வருவது டைல்ஸ் படிக்கட்டில், காலில் செருப்பு, தோளில் பை, கையில் போன். அந்தக் கோலத்தில் ஒருநாளாவது பழகியிருக்கிறீர்களா?

நெடுங்கம்பு:
மணலில் ஆடிய காலுக்குத் தரை ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் மணலில் 10 நிமிடம் நின்று பாருங்கள், முட்டி பிதுங்கிவிடும்.

பெரம்பூர்_வாசகி:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு என் அண்ணன் மகன் சேரலாமா என்று கேட்கிறான். என்ன சொல்ல?

ராயபுரத்தான்:
முதல் நாளே மார்க்கரோடு போகச் சொல்லுங்கள் அம்மா. சொல்லித்தருபவர் பனியன் போட்டு எதிரில் நின்றால் சேரட்டும். நிற்க மறுத்தால் பணத்தைக் கட்டாமல் திரும்பி வரட்டும். நெடுங்கம்பு ஐயாவுக்கும் இதே அழைப்புதான். ஞாயிறு காலை 6 மணி, பெசன்ட் நகர் கடற்கரை. பனியன் நானே வாங்கி வருகிறேன்.

நெடுங்கம்பு:
என் நெற்றி உயரக் கம்பைத் தாண்டி நீங்கள் கிட்டே வந்தால்தானே மார்க்கர்?

ராயபுரத்தான்:
நோட்டீஸில் வெறுங்கை என்று போட்டிருக்கிறது. கம்பு இல்லாமல் வாருங்கள்.

நெடுங்கம்பு:
ஞாயிறு எனக்கு வகுப்பு இருக்கிறது. 22 வருடம் ஆடியவனை மார்க்கரை வைத்து அளக்க நீங்கள் யார்?

ராயபுரத்தான்:
அப்படியானால் சனிக்கிழமை?