460 காட்டுச்சாம், விஷமாம்!

பழையவால்வு:
நேத்து ராத்திரி தெளிந்தநீர் இங்க ஒரு படம் போட்டிருந்தார். ஒரு டம்ளர் தண்ணி, அதுல பேனா மாதிரி, கரைஞ்ச உப்பைக் காட்டுற ஒரு டி.டி.எஸ். மீட்டர், திரையில 460. கீழ ஒரே வரி: "பொதுக்குழாயில் நமக்கு விடுவது விஷம், இதோ சாட்சி." காலையில பார்த்தா ஆளாளுக்குப் பகிர்ந்திருக்காங்க. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

31 வருஷம் குடிநீர் வழங்கல்ல வேலை பார்த்தவன் நான். அந்த மீட்டர் விஷத்தைப் பார்க்காது சார். தண்ணியில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பார்த்து, அதை ஒரு எண்ணால பெருக்கி, உப்பு இவ்வளவு இருக்கும்னு குத்துமதிப்பா சொல்லும். நம்பலைன்னா ஒரு டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரைச்சு மீட்டரை விட்டுப் பாருங்க, எண் ஏறாது. ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்க, எகிறிடும். காலரா கிருமி லட்சக்கணக்குல நீந்தினாலும் அது பாட்டுக்கு 460ன்னு சொல்லிட்டுக் கிடக்கும்.

ஒரே ஒரு கேள்விதான். அந்தத் தண்ணியை எந்தக் குழாயில பிடிச்சீங்க?

தெளிந்தநீர்:
பழையவால்வு அவர்களுக்கு. எனக்காகத் தனி இழை தொடங்கும் அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டதில் மகிழ்ச்சி. படத்தின் கீழேயே கேட்டிருக்கலாம். இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்புக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. 460 அதன் விளிம்பு. நாளைக்கு அது 500ஐத் தாண்டாது என்று எழுதித் தருவீர்களா? அந்த மீட்டர் அவ்வளவு உதவாக்கரை என்றால், சுத்திகரிப்புக் கருவி பொருத்த வருகிற அத்தனை பேரும் அதைத்தானே பையிலிருந்து எடுக்கிறார்கள்?

திண்ணைவாசி:
ஏன்னா அவங்க விக்கிறது அந்த எண்ணைக் குறைக்கிற மெஷினு. தராசு யாரோடதுன்னு பார்த்துட்டு அப்புறம் எடை போடணும்.

பழையவால்வு:
500 வரைக்கும் சரின்னு நீங்களே சொல்லிட்டு, 460ஐ விஷம்ங்கிறீங்க. அதே ஐ.எஸ். 10500ல பக்கத்துக் கட்டத்தையும் படிங்க. வேற நீராதாரம் இல்லாத இடத்துல 2000 வரைக்கும் விடலாம்னு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் இதுக்கு உடல்நல வரம்புன்னு ஒண்ணு வைக்கவே இல்லை. 600க்குக் கீழ இருந்தா வாய்க்கு நல்லாருக்கும், 1000 தாண்டினா குடிக்கப் பிடிக்காது, அதோட நிறுத்திக்கிட்டாங்க. உப்பு நாக்குக்குத் தெரியும் சார். நாக்குக்குத் தெரியாததுதான் ஆளைத் தூக்கும்.

எந்தக் குழாய்?

சோதனைக்குழாய்:
இருவருமே 460ஐக் கல்லில் வெட்டிய எழுத்தாக எடுத்துக்கொள்கிறீர்கள். மின்கடத்துதிறனைப் பெருக்கும் எண் சில மீட்டர்களில் 0.5, சிலவற்றில் 0.7. உங்கள் மீட்டர் 0.5 வகை என்றால், அதே டம்ளரில் மற்றதை விட்டால் ஏறக்குறைய 640 காட்டும். தண்ணீர் மாறவில்லை. கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தீர்கள் என்றும் படத்தில் இல்லை.

தெளிந்தநீர்:
பார்த்தீர்களா! 640! நான் 460 என்று அடக்கித்தான் சொல்லியிருக்கிறேன். 500ஐத் தாண்டிவிட்டதா இல்லையா?

சோதனைக்குழாய்:
நான் சொன்னது அதுவல்ல.

திண்ணைவாசி:
இன்னும் ரெண்டு பேர் பதில் போட்டா ஆயிரத்தைத் தொட்டுடும் போல.

மல்லிகைப்பந்தல்:
உங்க எண் கணக்கை விடுங்க. போன மாசம் என் பொண்ணுக்கு நாலு நாள் வாந்தி, பேதி. டாக்டர் முதல்ல கேட்டதே என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னுதான். எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வரும். திறந்தவுடனே முதல் பத்து நிமிஷம் டீத்தண்ணி நிறத்துல, சாக்கடை வாடையோட வருது. இதுக்கு யார் பதில் சொல்றது?

பழையவால்வு:
அம்மா, எந்தக் குழாயில?

மல்லிகைப்பந்தல்:
குழந்தை நாலு நாள் படுத்துக் கிடந்துச்சுங்கிறேன். எந்தக் குழாய்னு கேக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?

பழையவால்வு:
மனசாட்சி இருக்கறதாலதாம்மா கேக்கிறேன். யாரும் இதைப் புரிஞ்சுக்க மாட்டேங்கிறீங்க. தெருவுல வர்ற குழாய்க்கும் உங்க சமையலறைக் குழாய்க்கும் நடுவுல ஒரு தரைத்தொட்டி, ஒரு மோட்டார், மேல ஒரு மாடித்தொட்டி. தெருக்குழாயில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கணும்னு நாங்க தலையால தண்ணி குடிச்சு விடுவோம். உங்க தொட்டியில ரெண்டு நாள் வெயில்ல கிடந்தா அது ஆவியாப் போயிடும்.

ஒருத்தர் "தண்ணி நாறுது, வந்து பாருங்க"ன்னு தினமும் புகார் கொடுத்தார். போனேன். அவர் வீட்டு மாடித்தொட்டி மூடி உடைஞ்சு, மேல ஒரு தகரம், தகரம் பறக்காம இருக்க ஒரு செங்கல். தகரத்தைத் தூக்கினா, சுவரெல்லாம் பச்சைப் பாசி, அடியில நாலு விரல் கனத்துக்குச் சேறு, ஒரு ஓரமா அணில் ஒண்ணு ஊறிப்போய் மிதக்குது. வாலை வெச்சுத்தான் அணில்னு கண்டுபிடிச்சேன். கீழ தெருக்குழாயில தண்ணி பிடிச்சு, குளோரின் இருக்கான்னு நிறத்தால காட்டுற குளோரோஸ்கோப்புல மருந்தை விட்டா ஜம்முன்னு நிறம் வருது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அணில் உங்க குழாய் வழியாத்தான் வந்திருக்கணும்"னார்!

அதனாலதான் கேக்கிறேன். எந்தக் குழாய்?

மல்லிகைப்பந்தல்:
எங்களுக்கு மாடித்தொட்டியே கிடையாது. வாசல்ல தெருவிலேர்ந்து வர்ற குழாய் ஒண்ணுதான். குடத்துல பிடிச்சு வைக்கிறோம். இப்ப சொல்லுங்க.

பழையவால்வு:
அப்ப உங்க வீட்டு இணைப்புக்குழாய் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கும். அதுவும் உங்க பொறுப்புதான்.

திண்ணைவாசி:
ஆஹா! தொட்டி இருந்தா தொட்டி மேல பழி, தொட்டி இல்லைன்னா இணைப்பு மேல பழி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். வால்வு அண்ணனுக்குப் பதில் சொன்னாலும் அடுத்த வால்வை அடைச்சிடறார்.

சோதனைக்குழாய்:
அந்த அம்மா சொல்வது பாடப்புத்தகத்தில் வருகிற விஷயம். 24 மணி நேரமும் அழுத்தத்தோடு ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், வெளியே இருப்பது உள்ளே வராது. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும்போது குழாய் காலியாகி, பக்கத்தில் இருக்கும் கழிவுநீரை அதே ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இதில் வீட்டுத் தொட்டிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மோட்டாரைக் குழாயோடு நேரடியாக இணைத்து உறிஞ்சுபவர்கள் வேறு நிலைமையை மோசமாக்குகிறார்கள். பதினைந்து நாள் முன்பு வேறோர் இழையில் பழையவால்வு அவர்களிடம் இதையேதான் சொன்னேன். "புத்தகப் புழு" என்றார்.

பழையவால்வு:
இப்பவும் சொல்றேன். காலியான குழாய் இழுக்கும்னு எனக்கு நீங்க பாடம் எடுக்கணுமா? அதுக்குத்தான் முதல்ல வர்ற தண்ணியைக் குடிக்கப் பிடிக்காதீங்கன்னு காலங்காலமா கத்திக்கிட்டு இருக்கோம்.

மல்லிகைப்பந்தல்:
வர்றதே முக்கால் மணி நேரம். இதுல பத்து நிமிஷம் கீழ விடணுமாம்.

தெளிந்தநீர்:
முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். குளோரின், குளோரின் என்கிறாரே, அதுவே நஞ்சு என்பதை யாரும் பேசுவதில்லை. குளோரின் தண்ணீரில் உள்ள மக்கிய இலைதழைப் பொருள்களோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்கள் என்ற ரசாயனங்களை உண்டாக்குகிறது என்று 1974லேயே வெளியாகிவிட்டது. சில காலைகளில் எங்கள் குழாயைத் திறந்தால் நீச்சல்குளம் போல வாடை. இதையா குடிப்பது?

பழையவால்வு:
வாடை வர்ற அன்னைக்கு நிம்மதியா குடிங்க, வராத அன்னைக்குக் கவலைப்படுங்க. உலக சுகாதார நிறுவனம் குளோரினுக்கு வெச்ச வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். பல பேர் மூக்குக்கு 1 மில்லிகிராமுக்குள்ளேயே தெரிஞ்சுடும். டிரைஹாலோமீத்தேனுக்குப் பயந்து கிருமியை விட்டுடாதீங்கன்னும் அவங்களே சொல்லியிருக்காங்க. 2000ல கனடாவுல வாக்கர்ட்டன்னு ஒரு சின்ன ஊர். பெருமழையில மாட்டுச்சாணம் கிணத்துல இறங்கி, குளோரின் சரியாப் போடாததால 7 பேர் செத்தாங்க, சுமார் 2,300 பேர் படுத்தாங்க. அந்தத் தண்ணிக்குள்ள உங்க பேனாவை விட்டிருந்தா என்ன காட்டியிருக்கும்? விஷம்னு காட்டியிருக்குமா?

திண்ணைவாசி:
நல்ல உதாரணம் எடுத்தீங்க அண்ணே. அங்க குளோரின் அளவைப் பார்க்காமலே பதிவேட்டுல பொய்யா எழுதி வெச்சது யாருன்னும் சொல்லிடுங்க. உங்க மாதிரி வால்வு திருகினவங்கதானே?

பழையவால்வு:
வார்த்தையை அளந்து பேசுங்க தம்பி.

நான் எழுதின பதிவேட்டுல ஒரு எண் பொய் கிடையாது. கொட்டுற மழையில ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, கடைசித் தெருவுல கடைசிக் குழாய்ல மாதிரி எடுத்திருக்கேன். நிறம் வரலைன்னா அங்கேயிருந்தே பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டு மருந்தைக் கூட்டச் சொல்லியிருக்கேன். பிளீச்சிங் பவுடர் மூட்டை புதுசா வரும்போது 33 சதவீதம் வீரியம் இருக்கும். ஈரத்துல ரெண்டு மாசம் கிடந்தா வெறும் சுண்ணாம்புதான். அது தெரியாம அதே அளவு போட்டா கணக்குல குளோரின் இருக்கும், தண்ணியில இருக்காது. மூட்டையை முகர்ந்தே சொல்லுவேன், இது தேறும், இது தேறாதுன்னு. அந்த வாடையில என் மூக்கே பாதி போச்சு. திண்ணையில உக்காந்துக்கிட்டு எங்களைப் பொய்க்கணக்குக்காரன்னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்?

இவ்வளவு பேசியாச்சு, தெளிந்தநீர் இன்னும் வாயைத் திறக்கலை. எந்தக் குழாய்?

திண்ணைவாசி:
நான் கனடாவைச் சொன்னேன். உங்களுக்கு ஏன் சுடுது?

தெளிந்தநீர்:
வழங்குகிறவர்களே சோதிப்பார்கள், வழங்குகிறவர்களே நல்ல தண்ணீர் என்று சான்றும் தருவார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. அமெரிக்காவில் பிளின்ட் நகரில் 2014இல் ஆற்றுத்தண்ணீருக்கு மாற்றியபோதும் அதிகாரிகள் "பாதுகாப்பானது" என்றுதான் சொன்னார்கள். இயந்திர பாகங்கள் அரிக்கின்றன என்று கார் எஞ்சின் தொழிற்சாலை அந்தத் தண்ணீரை அதே ஆண்டில் நிறுத்திவிட்டது. குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பழையவால்வு போன்றவர்கள் அங்கேயும் "எந்தக் குழாய்" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

சோதனைக்குழாய்:
பிளின்டில் பிரச்சினை ஈயம். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்தது. அதற்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் மீட்டர் ஒன்று ஒன்றாகத்தான் எண்ணும். பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் 460 அப்படியே 460தான். ஆகவே உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக இருக்கிறது. இன்னொன்று, ஈயத்தைப் பொறுத்தவரை எந்தக் குழாய், எத்தனை மணி நேரம் தேங்கியது என்பதுதான் முதல் கேள்வி.

பழையவால்வு:
அப்படிச் சொல்லுங்க! புத்தகப் புழுவுக்கும் ஞானம் வந்துடுச்சு.

சோதனைக்குழாய்:
உங்களுக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. ஈயத்துக்கு மட்டும் சொன்னேன். கிருமிக்கு, 100 மில்லிலிட்டரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது, அது தெருக்குழாயானாலும் சரி, குடமானாலும் சரி.

மல்லிகைப்பந்தல்:
அந்த ஈ.கோலை சோதனையை வீட்டுல செய்ய முடியுமா?

சோதனைக்குழாய்:
ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று உண்டு. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். கறுத்தால் கழிவு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கறுக்காவிட்டால் உடனே கொண்டாட வேண்டாம். அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

தெளிந்தநீர்:
கொதிக்கவைத்தால் 460 குறையுமா?

சோதனைக்குழாய்:
பெரிதாகக் குறையாது. தண்ணீர் வற்றினால் ஏறக்கூடும். அது பிரச்சினையும் இல்லை.

தெளிந்தநீர்:
ஆக, குறையாது. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

திண்ணைவாசி:
குழாயடிச் சண்டைன்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் நேர்ல பார்க்கிறேன். அது கிடக்கட்டும். வால்வு அண்ணே, பழைய இழை ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. "வீட்டுக்கு நல்ல தண்ணி ஃபில்டர் எது, கேண்டில் வெச்சது போதுமா" அப்படின்னு போன வருஷம் கேட்டிருக்கீங்க. 31 வருஷம் ஊருக்கு விட்ட தண்ணியை வீட்டுல வடிகட்டித்தான் குடிப்பீங்களோ?

பழையவால்வு:
அது என் மருமக கேட்டதுக்காகப் போட்டது.

தெளிந்தநீர்:
ஹா ஹா. இனி நான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் எந்தக் குழாயில் குடிக்கிறீர்கள்?

பழையவால்வு:
பேச்சை மாத்தாதீங்க. நான் என்ன குடிச்சா உங்களுக்கென்ன? விஷம்னு ஊருக்கெல்லாம் படம் போட்டது நானா நீங்களா? இன்னொரு விஷயம், 1854ல லண்டன்ல பிராட் தெரு அடிபம்புத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு தேடிப் படிங்க. ருசியா இருக்குன்னு வேற பகுதிக்குக் குடிபோன ஒரு அம்மா ஆள் வெச்சு வரவழைச்சுக் குடிச்சாங்க. காலராவுல செத்தாங்க. கண்ணுக்குத் தெளிஞ்ச தண்ணிதான் அது, உங்க பேர் மாதிரியே.

தெளிந்தநீர்:
தனிமனிதத் தாக்குதல். மட்டுறுத்துநர் கவனத்துக்கு.

மல்லிகைப்பந்தல்:
அந்தக் குப்பி எங்க கிடைக்கும்னு யாராவது சொல்லுங்களேன்.

தெளிந்தநீர்:
சந்தேகப் பேர்வழிகளுக்காக இன்று காலை மீண்டும் எடுத்த படம் இதோ. இந்த முறை குழாயும் தெரிகிறது. மீட்டர் 455. ஐந்து குறைந்திருப்பதால் நல்ல தண்ணீர் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பழையவால்வு:
படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். குழாய்க்கு மேல சுவத்தோரமா வெள்ளை பி.வி.சி. ஒண்ணு மேலேர்ந்து இறங்குதே, அது எங்கேயிருந்து வருது சார்?