லிஃப்ட் போட்ட பிறகு டேப் பிடித்த கதைகள்

சேற்றுச்சக்கரம்

இன்னும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். வண்டியின் உடலைச் சக்கரத்துக்கு மேலே 50 மிமீ தூக்கி வைக்கிற லிஃப்ட் கிட் போட்டேன். முன்னால் காயில் ஸ்ட்ரட் (சுருள் ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக), பின்னால் லீஃப் (பட்டை ஸ்ப்ரிங்). மாட்டுவதற்கு முன்பே சக்கரத்தின் மையமான ஹப்பின் நடுவிலிருந்து, அதற்கு மேலே பாடியில் உள்ள வளைவான வீல் ஆர்ச்சின் விளிம்பு வரை அளந்து குறித்து வைத்திருந்தேன். முன்பக்கத்தில் ஓட்டுநர் பக்கம் 496, மறுபக்கம் 500. மாட்டிய பிறகு 541, 556. அதாவது ஒரு பக்கம் 45 ஏறியிருக்கிறது, இன்னொரு பக்கம் 56. பின்னால் இரண்டும் சரி. பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே சாய்வு தெரிகிறது.

பட்டறையில் சொன்னதும் மெக்கானிக் டேப்பை வாங்கித் தரையிலிருந்து அளந்தார். "5 மிமீதான் சார் வித்தியாசம், எல்லா வண்டியும் இப்படித்தான்" என்றார். குனிந்து பார்த்தேன். உயரமான பக்கத்தில் டேப்பின் கொக்கி தரையில் இல்லை, ஒரு ஜல்லிக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. கல்லை விரலால் தட்டிவிட்டேன், டேப் சடக்கென்று இறங்கியது. அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை.

பழைய ஸ்பேனர்

எனக்கு நேர் எதிர். 40 மிமீ என்று சொல்லி விற்ற கிட், போட்டதும் 58 காட்டியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெருமை. என் மைத்துனர் மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஸ்ப்ரிங் தூக்கின உயரம் இல்லை, புஷ் தூக்கின உயரம்" என்றார்.

வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதே சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க்கையான லோயர் ஆர்மின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினார். "க்ரீ...க்" என்று ஒரு சத்தம். கண்ணெதிரே வண்டி இறங்கியது. மறுபடி டேப் பிடித்தால் 44. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். ஆர்மின் மூட்டில் இருக்கிற ரப்பர் புஷ் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிற சமாச்சாரம். தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டி கீழே இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு தானும் ஒரு ஸ்ப்ரிங்காக வேலை செய்யும். கொஞ்ச நாளில் கிழியும். அந்தச் சத்தம் இப்பவும் காதில் இருக்கிறது. சேற்றுச்சக்கரம், உங்கள் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் அப்படி முறுக்கியிருக்கலாம்.

டேப்பு மாமா

தம்பி, தரையிலிருந்து அளந்தார் என்றதுமே அந்தப் பட்டறையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. டயரில் காற்று குறைந்தாலும், ஒரு டயர் தேய்ந்திருந்தாலும் தரையளவு மாறும். ஹப் நடுவிலிருந்து ஆர்ச் வரைதான் கணக்கு.

என் கதை சின்னது. ஜாக்கியிலிருந்து இறக்கியவுடனே அளந்து, "ஆகா, 20 மிமீ அதிகம்" என்று குதித்த ஒருவரை எனக்குத் தெரியும். வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டி வந்ததும் அந்த 20 காணாமல் போனது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். தனித்தனி சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்குவது) உள்ள வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினால் சக்கரங்கள் உள்பக்கமாக ஒடுங்கி நிற்கும், டயர் தரையில் வழுக்காமல் வண்டி முழுசாக உட்காராது. முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்தி ஆட்டிவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து அளக்க வேண்டும். டேங்கில் எவ்வளவு டீசல் என்று குறித்துக்கொள்ள வேண்டும். 80 லிட்டர் டீசல் சுமார் 67 கிலோ, டேங்க் ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் அமுங்கும். வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கிற கருவி), இரும்பு பம்பர் எல்லாம் போட்ட பிறகுதான் கடைசி அளவு. அப்புறம், புது காயில் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கும், அதற்குள் அழ ஆரம்பிக்கக் கூடாது. முன்னால் ஒரு மூலை தாழ்வாக இருந்தால் அந்த மூலையை மட்டும் பார்க்காதே, குறுக்காகப் பின் மூலையையும் பார். பின்னால் ஒரு லீஃப் தளர்ந்திருந்தாலும் சாய்வு முன்னால் தெரியும். ஸ்ட்ரட்டின் தலையில் 10 மிமீ ஸ்பேசர் (இடைத்தகடு) வைத்துச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினால், ஸ்ட்ரட் ஆர்மின் நடுவில் மாட்டியிருப்பதால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 20 ஏறும். ஹெட்லைட்டையும் கீழே இறக்கி வை, எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தாதே.

கியர் நாலு

மாமா, அவர் வகுப்பு கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னார். பின்னால் இரண்டும் சரி என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார். குறுக்கு மூலையை எதற்குப் பார்ப்பது?

எனக்கு நடந்தது: முன் ஸ்ப்ரிங் இரண்டையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். ஒன்று இன்னொன்றைவிட ஒரு விரல் உயரம் கூடுதல். ஓட்டுநர் பக்கத்து எடையைத் தாங்குவதற்காகச் சில கிட்களில் வேண்டுமென்றே அப்படித்தான் தருவார்கள். ஸ்டிக்கரைப் பார்க்காமல் பக்கம் மாற்றி மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அத்தனை நாளாக நான் ஷாக் அப்சார்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சேற்றுச்சக்கரம், உங்கள் எண்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் தோன்றுகிறது. புஷ்ஷுக்கு 11 மிமீ அதிகம்.

பழைய ஸ்பேனர்

என் வண்டி 14 இறங்கியது என்று மேலே எழுதியிருக்கிறேனே?

நடுநிசி ஓட்டுநர்

நீங்கள் எல்லோரும் முன்பக்கத்தையே அளக்கிறீர்கள். என்னை உறுத்துவது பின்பக்கம்.

அளவு எல்லாம் கச்சிதமாக இருந்தது. இடமும் வலமும் 2 மிமீக்குள். பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் மூக்கு மட்டும் குத்துகிறது, வண்டி நிற்க யோசிக்கிறது. வேறொரு பட்டறையில் குழிக்குள் இறங்கிப் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டார். டார்ச் அடித்துக் காட்டினார். பின் ஆக்சிலிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகிற ஒல்லியான கம்பி ஒன்று, போகக்கூடிய எல்லை வரை கீழே இழுபட்டு நின்றது. பின்பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற வால்வின் கம்பி அது. வண்டியைத் தூக்கியதும் ஆக்சில் தள்ளிப் போய்விட்டது, வால்வு "பின்னால் பாரமே இல்லை" என்று முடிவு செய்து பின் பிரேக்கைக் குறைத்துவிட்டது. நானோ பின்னால் ஏற்றி அடைத்து வைத்திருக்கிறேன். தூக்கிய உயரத்துக்கு ஏற்ப பிராக்கெட் போட்டுக் கம்பியைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சரியானது. பின் பிரேக் ஹோஸையும் அன்றைக்கே பார்த்தோம், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது. நீளமானது மாற்றினோம். எல்லா வண்டியிலும் இந்த வால்வு இருக்காது. இருந்தால் உயரம் அளக்கிற அன்றே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மேடுபள்ளம்

டேப்பு மாமா, ஹப்பிலிருந்து ஆர்ச் வரைதான் கணக்கு என்று அடித்துச் சொல்கிறீர்கள். ஆர்ச்சே பொய் சொன்னால்?

பழைய வண்டி வாங்கி லிஃப்ட் போட்டேன். ஒரு பக்கம் 9 மிமீ குறைவு. ஸ்ப்ரிங் மாற்றினோம், புஷ் தளர்த்தினோம், உருட்டினோம், ஆட்டினோம். அசையவில்லை. கடைசியில் சும்மா கையில் இருந்த காந்தத்தை ஆர்ச் விளிம்பில் வைத்தேன். நிற்காமல் வழுக்கி விழுந்தது. இரண்டு விரற்கடை தள்ளி வைத்தேன், ஒட்டியது. விளிம்பு முழுக்கப் பட்டி! எப்போதோ அடிபட்டு, தட்டிச் சரிசெய்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சேஸிஸிலிருந்து ஆக்சில் வரை அளந்தால் இரண்டு பக்கமும் ஒன்று. என் வண்டியின் சாய்வுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் சம்பந்தமே இல்லை. பாடி லிஃப்ட் போட்ட வண்டியிலும் ஆர்ச் அளவை நம்ப முடியாது, சஸ்பென்ஷன் அங்கேயே இருக்கும், பாடி மட்டும் ஏறியிருக்கும்.

டேப்பு மாமா

பட்டி பூசின வண்டிக்கு நான் என்ன செய்ய முடியும். நல்ல வண்டிக்குச் சொன்னேன்.

சேற்றுச்சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. வேறு இடத்தில் குழியில் நிறுத்தி, எடை சக்கரத்தில் இருக்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, உருட்டி, மறுபடி முறுக்கினோம். ஓட்டுநர் பக்கம் 541 இப்போது 540. மறுபக்கம் 556 இப்போது 549. ஸ்பேனர் அண்ணன் சொன்னது பெரும்பாலும் சரி. கியர் நாலு, ஸ்டிக்கரைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. காந்தமும் வைத்தேன், இரண்டு பக்கமும் ஒட்டுகிறது. மிச்சம் 9. அதில் 4 மாட்டுவதற்கு முன்பே இருந்தது. அதற்கு மேல் நோண்டப் போவதில்லை. நாளைக்கு அலைன்மென்ட்.

பழைய ஸ்பேனர்

நல்லது. ஒன்று மட்டும். லோயர் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறுகிற போல்ட்) இருந்தால் அலைன்மென்ட்டுக்கு அதையேதான் மறுபடி தளர்த்துவார்கள். சக்கரம் தொங்காமல் வண்டி மேடையில் நிற்கும்போதே இறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முடிந்ததும் முன்பக்கத்து இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

கியர் நாலு

பின்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மாமா மறுபடி குறுக்கு மூலைக்கு வந்துவிடுவார்.