செமாக்ளூடைட் ஊசியில் அக்காவுக்கு 15 கிலோ, எனக்கு 5 கிலோதான் குறைந்தது. ஜீன் காரணமா? ஊசியை மாற்றலாமா?

மதுரை_மல்லி:

வணக்கம். எனக்கு வயது 43, பத்து வருடத்துக்கு மேலாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். போன வருடம் டாக்டர் வாரம் ஒரு செமாக்ளூடைட் ஊசி எழுதிக்கொடுத்தார். 0.25-ல் தொடங்கி இப்போது 1 மில்லிகிராமில் நிற்கிறது, செலவைப் பார்த்து அதற்கு மேல் ஏற்றவில்லை. 88 கிலோ இருந்தேன், இப்போது 83. சென்னையில் இருக்கும் என் அக்காவும் இதே மருந்துதான் போடுகிறாள். அவளுக்குச் சுகர் கிடையாது, எடைக்காக மட்டும், 2.4 வரை போய்விட்டாள், 15 கிலோ இறங்கிவிட்டது. ஒரே அப்பா அம்மா, ஒரே சமையல் பழக்கம். வீட்டில் எல்லோரும் "நீ வாயைக் கட்டவில்லை" என்று என்னைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ரெண்டு இட்லிக்கு மேல் எனக்கு இறங்குவதே இல்லை, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

இப்போது ஒரு லேபில் இருந்து ஆள் வந்து, எச்சில் சாம்பிள் கொடுத்தால் உங்கள் ஜீனுக்கு ஓசெம்பிக் மாதிரி செமாக்ளூடைட் ஊசி ஒத்துவருமா, மௌன்ஜாரோ என்ற வேறு ஊசி ஒத்துவருமா என்று சொல்லிவிடுவோம் என்கிறார். கணிசமான தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா, இல்லை அந்தப் பணத்துக்கு நேராக மௌன்ஜாரோவுக்கே மாறிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு_செந்தில்:

அக்கா, நான் செமாக்ளூடைட்டில் இருந்து மௌன்ஜாரோவுக்கு மாறியவன். எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது, சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே நாள் முழுக்க வராமல் போனது. ஆனால் என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு அதே மருந்தில் வயிறு ஒத்துழைக்கவே இல்லை, விட்டுவிட்டுப் பழைய ஊசிக்கே திரும்பிவிட்டார், அதனால் என் கதையை மட்டும் வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். மாறினாலும் 2.5 மில்லிகிராமில் இருந்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், குறைந்தது நாலு வாரம் ஒரு டோஸ். விலையையும் கணக்கில் வையுங்கள்: 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 வயல் (சின்ன மருந்துக் குப்பி) 3,500 ரூபாய், 5 வயல் 4,375 ரூபாய், அது ஒரு வாரத்துக்கு மட்டும். செமாக்ளூடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான், அதற்குப் பிறகு விலைப் போட்டி அந்தப் பக்கம்தான்.

நெல்லை_மருத்துவன்:

சகோதரி, நான் சர்க்கரை நோய் பார்க்கும் மருத்துவன். உங்கள் பதிவிலேயே பாதி பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்ற எண்ணத்தை விடுங்கள். செமாக்ளூடைட்டில் சராசரியாக 15 சதவீதம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது ஸ்டெப் 1 ஆய்வின் கணக்கு. 68 வாரம், 2.4 மில்லிகிராம், கலந்துகொண்டவர்களில் சுகர் உள்ளவர் ஒருவரும் கிடையாது. அது உங்கள் அக்காவின் கணக்கு. டைப் 2 சுகர் உள்ளவர்களை வைத்துச் செய்த ஸ்டெப் 2 ஆய்வில் அதே 2.4 கொடுத்தும் 9.6 சதவீதம்தான் குறைந்தது, 1 மில்லிகிராம் போட்டவர்களுக்குச் சுமார் 7 சதவீதம். நீங்கள் 88-ல் 5 கிலோ குறைத்திருக்கிறீர்கள், அது 6 சதவீதத்துக்குப் பக்கம். உங்களைப் போன்ற ஒருவருக்கு இந்த டோஸில் எதிர்பார்க்க வேண்டியது கிட்டத்தட்ட இதுதான். வீட்டில் சொல்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். சுகர் இருப்பவர்களுக்கு எடை குறைவது மட்டுப்படுவது எந்த ஊசியை எடுத்தாலும் தெரிகிறது.

இரண்டாவது, கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை, எடையைக் கூட்டும் பக்கம் இழுக்கும், ஊசியோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரையும் வரலாம். மயக்கம் போல், படபடப்பு, கைநடுக்கம் வந்து, அதற்காக நீங்கள் பிஸ்கட் சாப்பிடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது, ஆனால் டோஸைக் குறைக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். என்னைக் கேட்டால் ஊசியை மாற்றுவதற்கு முன்னால் இதைத்தான் செய்வேன்.

அப்புறம் மௌன்ஜாரோ. அதில் இருக்கும் டிர்செபடைட், ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் ஏற்பியோடு (ஹார்மோன் போய் ஒட்டும் இடம்) ஜிஐபி என்ற இன்னொன்றின் ஏற்பியிலும் வேலை செய்கிறது, செமாக்ளூடைட் முதலாவதில் மட்டும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. 2025-ல் வெளிவந்த சர்மவுன்ட் 5-ல் 72 வாரத்தில் டிர்செபடைட் 20.2 சதவீதம், செமாக்ளூடைட் 13.7 சதவீதம். இதிலும் சுகர் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் உங்களுக்குப் பொருந்துவது 2021-ல் வந்த சர்பாஸ் 2 தான். சுகர் உள்ள 1,879 பேர், 40 வாரம், நீங்கள் போடும் அதே 1 மில்லிகிராம் செமாக்ளூடைட்டுக்கு எதிராக. செமாக்ளூடைட் குழுவுக்கு 5.7 கிலோ குறைந்தது. டிர்செபடைட் 5, 10, 15 மில்லிகிராமில் 7.6, 9.3, 11.2 கிலோ. வித்தியாசம் உண்மையானது, ஆனால் பெரிய வித்தியாசம் பெரிய டோஸில்தான் இருக்கிறது, செலவும் அங்கேதான் ஏறுகிறது. மாறுவது தவறில்லை, இந்த எண்களைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் டிர்செபடைட் தொடங்கும்போதும் டோஸ் ஏற்றும்போதும் நாலு வாரம் வேறு பாதுகாப்பு வேண்டும், இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனியா_ஆய்வுக்கூடம்:

டாக்டர் சொன்னதோடு ஜீன் பக்கத்தை நான் சேர்க்கிறேன், என் வேலை அந்தத் துறையில்தான். உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகளைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள், அதனால் "ஒரே அப்பா அம்மா" என்பதால் ஒரே பலன் வர வேண்டும் என்று இல்லை. எடை ஏறுவதில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு, இரட்டையர் ஆய்வுகள் 40 முதல் 70 சதவீதம் வரை சொல்கின்றன. ஆனால் ஏன் எடை ஏறியது என்பது ஒரு கேள்வி, இந்த மருந்து எவ்வளவு குறைக்கும் என்பது வேறொரு கேள்வி. லேப்காரர்கள் முதலாவதின் பலத்தை வைத்து இரண்டாவதை விற்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இரண்டாவது கேள்விக்கு 2025 வரை வந்தவற்றில் முக்கியமானவை இவை. 2023-ல் டண்டீ பல்கலைக்கழகக் குழு 4,571 பேரைப் பார்த்தது. இந்த மருந்து போய் ஒட்டும் ஏற்பிக்கான ஜிஎல்பி1ஆர் ஜீனில் ஒரு மாற்றம் இருந்தால் சர்க்கரை கொஞ்சம் குறைவாகவே இறங்கியது, ஏஆர்ஆர்பி1 என்ற ஜீனில் சில அரிய மாற்றங்கள் இருந்தவர்களுக்கு அதிகமாக இறங்கியது. முதல் மாற்றத்தின் விளைவு எச்பிஏ1சி-யில் (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.1 புள்ளிக்கும் கீழே, அதுவும் அவர்கள் அளந்தது சர்க்கரையை, எடையை இல்லை. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இந்த வகை ஊசி போட்ட 6,750 பேரின் எடையையே பார்த்தது, ஒன்பது உயிர்வங்கிகளில் (மக்களின் மரபணு, உடல்நலத் தகவல்களைச் சேர்த்துவைக்கும் இடங்கள்) இருந்து. எடைக்கான மரபணு மதிப்பெண்ணோ (பல ஜீன் மாற்றங்களைச் சேர்த்துப் போடும் கணக்கு), ஜிஎல்பி1ஆர் மாற்றங்களோ எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லவில்லை. அதே ஆண்டு மேயோ கிளினிக் குழு, வயிறு நிறைய எத்தனை கலோரி வேண்டியிருக்கிறது என்பதை ஜீன் மதிப்பெண்ணால் கணித்து, சீக்கிரம் நிறைபவர்களுக்கு லிராக்ளூடைட் நன்றாக வேலை செய்தது என்று காட்டியது. சுவாரசியமான வேலை, நான் மதிக்கிறேன், ஆனால் லிராக்ளூடைட் தினமும் போடும் பழைய ஊசி. செமாக்ளூடைட்டா டிர்செபடைட்டா என்ற உங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஜீன் பார்த்து மருந்து கொடுப்பது நடக்காத விஷயம் என்று சொல்லவில்லை. குழந்தைப் பருவத்திலேயே அடங்காத பசியோடு எடை ஏறும் சிலருக்கு பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி போன்ற ஜீன்களில் கோளாறு இருக்கும், அவர்களுக்காகவே செட்மெலனோடைட் என்ற ஊசி 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே பரிசோதனை இல்லாமல் மருந்தே கிடையாது. உங்கள் நிலை அது அல்ல. லேபுக்குக் கொடுக்கும் பணத்தை மருந்துக்கு வையுங்கள்.

கடலூர்_கமலம்:

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னார்கள். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன் மல்லி. எந்த ஊசியாக இருந்தாலும் எத்தனை நாள் தொடர்ந்து வாங்க முடியும் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். டிர்செபடைட் 36 வாரம் போட்டுவிட்டு நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் 14 சதவீதம் எடை திரும்பி ஏறியது என்று ஆய்வில் வந்திருக்கிறது. பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும் என்றால் கட்டுபடியாகும் மருந்தே உங்களுக்கு நல்ல மருந்து. ரெண்டு இட்லியோடு நிறுத்தாமல் முட்டை, சுண்டல், பருப்பு என்று புரதம் சேருங்கள், இல்லையென்றால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும்.

மதுரை_மல்லி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 5.7 கிலோ என்ற எண்ணைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது, என் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன். டாக்டர் சொன்ன படபடப்பு எனக்குச் சாயங்காலங்களில் வருகிறது, பிஸ்கட்டும் சாப்பிடுகிறேன். கிளிமிபிரைடு பற்றிக் கேட்கப் போகிறேன். லேபுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் கொடுத்த படிவத்தில் குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. என் சித்தப்பாவுக்குத் தைராய்டில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள், புற்றுநோய் என்றுதான் சொன்னார்கள். இந்த ஊசி எழுதும்போது இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இது முக்கியமா?

நெல்லை_மருத்துவன்:

மிக முக்கியம் சகோதரி. இந்த ஊசிகளைப் பொறுத்தவரை இன்றைக்கு நிஜமாகவே பார்க்க வேண்டிய மரபு விஷயம் இதுதான். தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானது பாப்பில்லரி வகை, இந்த எச்சரிக்கை அதற்கானது அல்ல. மெடுல்லரி என்று ஒரு வகை உண்டு, நாலில் ஒரு பங்கு ஆர்ஈடி என்ற ஜீன் வழியாகக் குடும்பத்தில் வருவது. எலிகளில் இந்த மருந்துகள் அந்த வகைக் கட்டியை உண்டாக்கியதால், மனிதர்களில் அது நிரூபிக்கப்படாவிட்டாலும், குடும்பத்தில் மெடுல்லரி இருந்தால் செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டுமே கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அடுத்த ஊசி போடும் நாளுக்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் போனிலாவது இதைச் சொல்லிவிடுங்கள். சித்தப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த இடத்தில் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல் கேட்டு வாங்கி, எந்த வகை என்று பாருங்கள். மெடுல்லரி என்று இருந்தால் ஆர்ஈடி பரிசோதனையை முதலில் அவருக்குத்தான் செய்ய வேண்டும், அவரில் வருவதைப் பொறுத்து மற்றவர்களுக்கு. உங்கள் அக்காவிடமும் இன்றைக்கே சொல்லுங்கள், அவரும் அதே ஊசியைத்தான் அதிக டோஸில் போட்டுக்கொண்டிருக்கிறார்.