பெரியம்மாவின் குளிசைப் போத்தல்கள்

சுபா: இன்று காலை பெரியம்மாவால் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். ஞாயிறு பெரியப்பாவின் திவசத்துக்குச் சின்னம்மா வீட்டு இரண்டாம் மாடிக்கு எப்படி ஏறப்போகிறார்?

கலா சின்னம்மா: ஐயோ. விழவில்லையே? இங்கே லிஃப்ட் இன்னும் பழுது.

பாலன் மாமா (டொரொன்டோ): நான் அனுப்பிய விட்டமின் டி, மக்னீசியம் எல்லாம் கொடுக்கிறீர்களா?

சுபா: சாமியறையில் இருக்கின்றன மாமா. திறக்கவில்லை.

ரமேஷ்: பூசை மட்டும் நடக்கிறது.

ரவி அத்தான்: திறக்காதது நல்லது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்குப் பின் இன்னும் வேகம். சார்கோபீனியா என்பார்கள். விட்டமின் டி மிகவும் குறைந்தால் தொடையும் இடுப்பும்தான் முதலில் தளரும். குறைந்தவருக்குக் கொடுத்தால் பலன் உண்டு, போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்துத் தசை வளராது. 2010இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், எழுபது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 இலட்சம் அலகு கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை. பெரியம்மா சலரோகத்துக்கு மெற்போமின் எடுக்கிறார், அது விட்டமின் பி12ஐக் குறைக்கும், அதையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் சரியில்லாவிட்டால் மக்னீசியம் உடம்பில் தேங்கும், அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும்.

ரமேஷ்: அத்தான், வாசித்து முடிப்பதற்குள் எனக்கே தசை தேய்ந்துவிட்டது.

சுபா: இரவுச் சாப்பாடு தேநீரும் பிஸ்கட்டும்தான். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

ரவி அத்தான்: அங்கேதான் பிழை. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அவருடைய 50 கிலோவுக்கு 50, 60 கிராம் வரும். பிஸ்கட்டில் என்ன இருக்கிறது?

கலா சின்னம்மா: பெரியப்பா காலமான நாளிலிருந்து அக்கா மச்சம் தொடுவதில்லை. நெத்தலிகூட.

பாலன் மாமா: தொடக்கூடாது என்று அன்று சொன்னது யார்?

கலா சின்னம்மா: பாலன், பெட்டி அனுப்புவது சுலபம். பக்கத்தில் இருந்து பார்.

பாலன் மாமா: காணிக் கதையை இங்கே இழுக்க வேண்டாம்.

ரமேஷ்: காணியைப் பற்றி யார் பேசினார்கள்?

பெரியம்மா: வடைக்கு உழுந்து நனைக்க யார் வருகிறீர்கள்

ரவி அத்தான்: உழுந்தும் புரதம்தான் பெரியம்மா! பயறு, கடலை, தயிர், முட்டை எல்லாம் சாப்பிடலாம். வெயிலுக்குக் கண்ணாடி யன்னலோரம் இருந்து பயனில்லை, டி உண்டாக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

பெரியம்மா: முட்டை வேண்டாம்

ரவி அத்தான்: சாப்பாட்டோடு தசைக்கு வேலையும் வேண்டும். கை ஊன்றாமல் ஐந்து தரம் கதிரையிலிருந்து எழும்பி இருக்க 12 வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் கவனிக்கச் சொல்கிறது ஆசிய நிபுணர்களின் 2019 வழிகாட்டி.

கலா சின்னம்மா: இப்போது செய்து பார்த்தேன். முழங்கால் போட்ட சத்தத்தில் எண்ணிக்கை மறந்துவிட்டது.

சுபா: சனிக்கிழமை இரத்தம் எடுக்க யார் கூட்டிப்போவது?

ரமேஷ்: எனக்கு வகுப்பு. ஓட்டோ பிடித்துத் தருகிறேன்.

பாலன் மாமா: செலவு என்னுடையது.

சுபா: ஆள்தான் வேண்டும் மாமா.

ரவி அத்தான்: கடையில் ஆள் வந்தால் நான் வருகிறேன். வெள்ளி இரவு சொல்கிறேன்.

கலா சின்னம்மா: சரி, திவசத்தை அக்கா வீட்டிலேயே வைப்போமா? ஐயரிடம் யார் பேசுவது?

ரமேஷ்: வாழையிலை எத்தனை?