பெரோவ்ஸ்கைட் வரும்வரை காத்திருக்கலாமா?

மொட்டைமாடி:
மாடியில் 3 கிலோவாட் சோலார் போட கொட்டேஷன் வாங்கிவிட்டேன். அதற்குள் மைத்துனர், "பொறுங்க மச்சான், பெரோவ்ஸ்கைட் வருது, பெயிண்ட் மாதிரி பூசிடுவாங்க, பாதி விலைதான்" என்று குறுக்கே விழுகிறார். இப்போதைய பேனலில் இருக்கும் சிலிக்கானுக்குப் பதிலாக வெயிலை மின்சாரமாக்கும் புதுப் பொருளாம் அது. சிலிக்கானை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும், இதற்கு 150 போதுமாம். தயாரிப்புச் செலவு நிஜமாகவே அவ்வளவு குறையுமா?

லேமினேட்டர்:
மைத்துனர் சொன்ன சூட்டுக் கணக்கு சரி, காசுக் கணக்குதான் இடிக்கிறது. ஒன்பது வருஷம் பேனல் அசெம்பிளி லைனில் இருந்தவன் நான். 550 வாட் பேனலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், 28 கிலோ வரும். அதில் பெரும்பங்கு கண்ணாடி. சிலிக்கான் ஒரு கிலோகூட இருக்காது.

2008இல் கிலோ 400 டாலரைத் தாண்டிய பாலிசிலிக்கான், அதாவது பேனலுக்கான சுத்த சிலிக்கான், 2024இல் சீனாவில் 5 டாலர் சுற்றில் கிடந்தது. அறுக்கும் சேதாரத்தையும் சேர்த்து வாட்டுக்கு 2 கிராம் என்று வையுங்கள், ஒரு சென்ட்தான் ஆகிறது. முழுப் பேனலே அங்கே வாட்டுக்கு 10 சென்ட் அளவில் போனது. சிலிக்கானை வேஃபராக, அதாவது மெல்லிய தகடாக, அறுக்கும் செலவும் மிச்சமாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடி, அலுமினிய ஃபிரேம், ஜங்ஷன் பாக்ஸ் எங்கே போகும்?

போதாததற்கு மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி வேறு வாங்க வேண்டும். கண்ணாடியையும் செல்லையும் சேர்த்து நாங்கள் ஒட்டும் ஈ.வி.ஏ என்ற பிளாஸ்டிக் ஷீட் நாள்பட்டால் அசிட்டிக் அமிலம் விடும். பழைய பேனலைப் பிரித்தால் வினிகர் வாடை குப்பென்று அடிக்கும். பெரோவ்ஸ்கைட்டுக்கு அது ஆகாது. அதனால் அமிலம் விடாத பாலியோலெஃபின் பிளாஸ்டிக் ஷீட், ஓரம் முழுக்க பியூட்டைல் ரப்பர் சீல் என்று போக வேண்டும். ஈரம் புகுந்தால் நமுத்த அப்பளம்தான்.

மொட்டைமாடி:
அப்புறம் ஏன் எல்லோரும் அதையே பேசுகிறார்கள்?

லேமினேட்டர்:
சிலிக்கானின் தோளில் ஏறி உட்காரத்தான். ஆக்ஸ்ஃபோர்ட் பிவி என்ற கம்பெனி 2024 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பிய பேனல் 24.5 சதவீதத் திறன் கொண்டது. அது சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் பூசியது. அதே இடத்தில் கூடுதல் வாட் கிடைத்தால் ஸ்டாண்டு, ஒயர், கூலி எல்லாவற்றிலும் மிச்சம். லாபம் அங்கேதான்.

வயர்மேன்:
கூலி பற்றி நான் சொல்கிறேன். சிலிக்கானுக்கு 25 வருஷ வாரண்டி தருகிறார்கள். பாதி விலைப் பேனல் பத்து வருஷத்தில் படுத்தால் மறுபடி மாடியேறிக் கழற்றி மாட்டும் கூலி யார் தலையில்? அது கிடக்கட்டும், உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்?

மொட்டைமாடி:
மேற்கே. மூன்று மணிக்கு மேல் நிழல் விழும். சரி, நாளைக்கே டேப் எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.